ஆலிஸ் கோல்ட்ரேனின் ‘வேர்ல்ட் கேலக்ஸி’: ஜாஸா, பஜனையா, ஆர்கெஸ்ட்ராவா?

கேள்வி: “ஆலிஸ் கோல்ட்ரேனின் ‘வேர்ல்ட் கேலக்ஸி’ ஆல்பத்தை ஸ்பிரிச்சுவல் ஜாஸில் முக்கியமான ஒன்று என்கிறார்கள். போட்டுக் கேட்டால் ஒரு வயலின் கூட்டம் இரைகிறது, ஹார்ப் சரசரவென்று ஓடுகிறது, கடைசிப் பாட்டில் நம் ஊர் சாமியார் மாதிரி ஒருவர் ஆங்கிலத்தில் பேசுகிறார். இது ஜாஸா, பக்தி இசையா, இல்லை எழுபதுகளின் ஹிப்பி மோஸ்தரா? இதை எப்படிக் கேட்பது?”

நம் ஊர் சாமியார் மாதிரி என்ன, நம் ஊர் சாமியாரேதான். அந்தக் குரல் சுவாமி சச்சிதானந்தருடையது. 1914 டிசம்பரில் கோயம்புத்தூர் பக்கத்துச் செட்டிபாளையத்தில் பிறந்தவர், வீட்டில் வைத்த பெயர் ராமசாமி. கல்யாணமாகிச் சில வருடங்களிலேயே மனைவியை இழந்தார். திருப்பராய்த்துறையில் சித்பவானந்தரிடம் இருந்தார், திருவண்ணாமலைக்குப் போய் ரமணரிடம் இருந்தார், கடைசியில் ரிஷிகேசத்தில் சிவானந்தரிடம் 1949இல் சந்நியாசம் வாங்கிக்கொண்டார். அந்தச் சிவானந்தரும் பத்தமடைக்காரர்தான். ஐம்பதுகளில் குரு இவரை இலங்கைக்கு அனுப்ப, திருகோணமலையிலும் கண்டியிலும் பணி. 1966இல் ஓவியர் பீட்டர் மேக்ஸ் நியூயார்க்குக்குக் கூப்பிட்டார். சும்மா பார்த்துவிட்டு வரப் போனவரை அங்கிருந்த இளைஞர்கள் விடவில்லை, அங்கேயே தங்கிவிட்டார். 1969 ஆகஸ்டில் உட்ஸ்டாக் விழாவின் முதல் நாள் மேடையேறி லட்சக்கணக்கானவர்கள் முன்னால் பேசியதும், அவர்களை நாமம் சொல்ல வைத்ததும் இவர்தான்.

அதனால் ஹிப்பி மோஸ்தர் என்ற உங்கள் சந்தேகத்துக்கு இடமே இல்லை என்று சொல்ல மாட்டேன். அந்தக் காலத்து அமெரிக்காவில் சிதார், ஊதுபத்தி, சாமியார் மூன்றும் கடைச்சரக்கு. ஆனால் இந்த ஆல்பத்தை அந்தக் கணக்கில் எழுதினால் தவறிவிடும். காரணம், இதைச் செய்தவர் வந்த வழி வேறு.

ஆலிஸ் மெக்லியோட் 1937இல் டெட்ராய்ட்டில் பிறந்தவர். கறுப்பினத் தொழிலாளர் நகரம், பாப்டிஸ்ட் சர்ச், பாட்டுக்காரக் குடும்பம். சிறுமியாக இருக்கும்போதே சர்ச் பாடகர் குழுக்களுக்குப் பியானோவும் ஆர்கனும் வாசித்தார். அண்ணன் முறையான எர்னி ஃபாரோ ஜாஸ் பாஸ் வாத்தியக்காரர். அப்புறம் பாரிஸில் ஜாஸ் பியானோ மேதை பட் பவலின் வழிகாட்டுதல், நியூயார்க்கில் டெர்ரி கிப்ஸ் குழுவில் பியானோ. 1963இல் ஜாஸ் சாக்ஸபோன் மேதை ஜான் கோல்ட்ரேனைச் சந்தித்தார், 1965இல் கல்யாணம், அடுத்த வருடம் மெக்காய் டைனர் விலகிய இடத்தில் கணவரின் குழுவிலேயே பியானோ. 1967 ஜூலையில் ஜான் கல்லீரல் புற்றுநோயால் இறந்தபோது அவருக்கு நாற்பது வயது, ஆலிஸுக்கு முப்பதுகூட ஆகவில்லை. கையில் நான்கு குழந்தைகள். ஜான் ஆர்டர் கொடுத்திருந்த கான்சர்ட் ஹார்ப் அவர் போன பிறகுதான் வீடு வந்து சேர்ந்தது. அந்த வாத்தியத்தை ஆலிஸ் தாமாகவே கற்றுக்கொண்டார்.

அதற்குப் பிறகு தூக்கமில்லாத, சாப்பாடு செல்லாத, கடுமையான தவம்போல ஒரு காலம். அந்த நிலையில்தான் டெட்ராய்ட் நண்பரான பாஸ் கலைஞர் விஷ்ணு வுட் மூலம் சச்சிதானந்தரின் அறிமுகம். 1970 நவம்பரில் லாங் ஐலண்ட், டிக்ஸ் ஹில்ஸ் வீட்டின் அடித்தளத்தில் இருந்த சொந்த ஸ்டுடியோவில் ‘ஜர்னி இன் சச்சிதானந்தா’ பதிவானது. அதில் ‘ஸ்டாப்ஓவர் பாம்பே’ என்று ஒரு பாட்டு உண்டு. அடுத்த மாதம் குருவோடு போகவிருந்த ஐந்து வார இந்திய, இலங்கைப் பயணத்தை வைத்து வந்த பெயர் அது. பயணம் முடிந்து வந்த பிறகுதான் ஆர்கெஸ்ட்ரா நுழைகிறது.

இது முக்கியம். நம்மில் பலருக்கு ‘ஜர்னி’ உடனே பிடித்துவிடும். தம்புரா சுருதி, சிசில் மெக்பீயின் பாஸில் திரும்பத் திரும்ப வரும் ஒரே அடி, மேலே ஃபரோவா சாண்டர்ஸின் சோப்ரானோ சாக்ஸபோன். ராகம் கேட்டுப் பழகிய காதுக்கு அதில் எந்தச் சிரமமும் இல்லை. ‘வேர்ல்ட் கேலக்ஸி’ அப்படி இல்லை. அது காதை உட்கார விடாது.

1971இன் தொடக்க மாதங்களில் ஊர் திரும்பிய ஆலிஸ், அந்த வருடமே ‘யுனிவர்சல் கான்ஷியஸ்னஸ்’ ஆல்பத்தில் நான்கு வயலின்களைச் சேர்த்தார். அந்த வயலின் பகுதிகளை ஏட்டில் எழுதிக் கொடுத்தவர் ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர் ஆர்னெட் கோல்மன். ‘ஹரே கிருஷ்ணா’, ‘சீதா ராம்’ என்ற நாமாவளி மெட்டுகள் அதில்தான் முதலில் வருகின்றன. நவம்பரில் நியூயார்க்கில் இரண்டே நாளில் ‘வேர்ல்ட் கேலக்ஸி’ பதிவு, 1972இல் இம்பல்ஸ் என்ற தட்டு நிறுவனத்தின் வெளியீடு. இந்த முறை வயலின், வயோலா, செல்லோ என்று முழுத் தந்திக் குழு. அவர்களுக்கான இசையை எழுதியதும் நடத்தியதும் ஆலிஸே. பாஸில் ரெஜி வொர்க்மன், டிரம்ஸில் பென் ரைலி, சாக்ஸபோனில் ஃபிராங்க் லோ, தனி வயலினுக்கு லீராய் ஜென்கின்ஸ். டிம்பனியில், அதாவது ஆர்கெஸ்ட்ராவின் பெரிய முரசில், எலெய்ன் ஜோன்ஸ். அடுத்த வருடமே சான் ஃபிரான்சிஸ்கோ சிம்ஃபனியின் முதன்மை டிம்பனிக் கலைஞராகப் போன கறுப்பினப் பெண்மணி அவர். பெரிய அமெரிக்க ஆர்கெஸ்ட்ரா ஒன்றில் அப்படி ஒரு நாற்காலி கறுப்பினத்தவருக்குக் கிடைப்பது அன்று மிக அரிது. தட்டின் உறையில் பொடி எழுத்தில் இருக்கும் பெயர்தான், ஆனால் கேட்கும்போது அந்த டிம்பனி உருளுவதைக் கவனியுங்கள். மற்ற ஜாஸ் தட்டுகளில் இந்தக் கனம் கிடைக்காது.

மொத்தம் ஐந்து பாட்டு, நாற்பது நிமிடம் சொச்சம். முதலும் கடைசியும் கணவரோடு சேர்த்தே உலகம் நினைக்கும் பாட்டுகள்: ‘மை ஃபேவரிட் திங்ஸ்’, ‘எ லவ் சுப்ரீம்’. நடுவில் மூன்று ‘கேலக்ஸி’கள். ஒன்று யொரூபா மக்களின் பரம்பொருளான ஒலோடுமாரேயின் பெயரில், ஒன்று துரீயத்தின் (விழிப்பு, கனவு, உறக்கம் மூன்றையும் கடந்த நான்காம் நிலை, ‘துரியா’ என்பதும் அதுவே) பெயரில், ஒன்று குரு சச்சிதானந்தரின் பெயரில். ஆப்பிரிக்கக் கடவுளும் வேதாந்தமும் செட்டிபாளையத்து சாமியும் ஒரே வரிசையில். சர்வமதக் கண்காட்சி என்று கிண்டல் செய்யலாம், செய்தும் இருக்கிறார்கள். ஆலிஸைப் பொறுத்தவரை இவை ஒன்றோடொன்று போட்டி போடும் பெயர்களே அல்ல. இசையில் அதை எப்படிக் காட்டுகிறார் என்பதுதான் என்னை இந்தத் தட்டிலேயே கட்டிப்போட்டது.

அதற்குத் தந்தி வாத்தியங்களைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஜாஸில் வயலின் கூட்டம் புதிதல்ல. சார்லி பார்க்கர் 1949இலேயே அப்படிப் பதிவு செய்தார். அங்கே தந்திக் குழு பின்னால் மெத்தை விரிக்கும், சாக்ஸபோன் அதன்மேல் ஒய்யாரமாகப் படுத்துக்கொள்ளும். ஆலிஸ் மெத்தை விரிப்பதில்லை. அவர் கையில் தந்திக் குழு தம்புராவின் வேலையைச் செய்கிறது, ஆனால் ஆடாமல் அசையாமல் நிற்கும் தம்புரா அல்ல. ஸ்வரத்தின் மேலும் கீழுமாக ஒவ்வொரு வயலினும் கொஞ்சம் கொஞ்சம் விலகி நடுங்க, மொத்தமாக ஒரே ஒரு பெரிய சுருதி அலையடிப்பதுபோல இருக்கும். உங்களுக்கு இரைச்சலாகப் பட்டது இதுதான். மெட்டு எங்கே என்று அதற்குள் தேடினால் எரிச்சல்தான் மிஞ்சும். சுருதியாக எடுத்துக்கொண்டால், மேலே நடப்பதெல்லாம் தெளிவாகும்.

‘மை ஃபேவரிட் திங்ஸ்’ஸில் இதை நேராகப் பார்க்கலாம். மேடை நாடகப் பாட்டு அது. ஜான் 1960இல் சோப்ரானோ சாக்ஸபோனில் வாசித்து, ஒரே இடத்தில் நின்று சுழலும் வால்ட்ஸாக மாற்றினார். ஆலிஸ் அந்த மெட்டை ஆர்கனில் எடுக்கிறார். தெரிந்த மெட்டு, தெரிந்த மூன்று அடித் தாளம். பிறகு தந்திக் குழு உள்ளே புகுந்து அந்த மெட்டைக் கரைக்கிறது. உருவம் முழுசாகப் போய், அப்புறம் திரும்ப வருகிறது. நடுப்பகுதியில் சாமான் கொஞ்சம் அதிகம் என்று எனக்கும் படும். ஹார்ப், ஆர்கன், தந்தி, டிம்பனி எல்லாம் ஒரே நேரத்தில் பேசும் இடங்களில் ஒன்றும் பிடிபடாது. ஆனால் கணவரின் மிகப் பிரபலமான பாட்டைத் தட்டின் முகப்பிலேயே வைத்து, அதை இப்படி உடைக்கத் துணிச்சல் வேண்டும். ஜான் வாசித்ததுபோல் வாசிக்க ஒரு முயற்சிகூட அதில் இல்லை.

‘ஒலோடுமாரே’ ஐந்தில் சின்னது, முரடு. லோவின் சாக்ஸபோன் கத்துகிறது. அதைப் பிடிக்காவிட்டால் தாண்டிவிடுங்கள், பாவமில்லை. ‘கேலக்ஸி இன் துரியா’தான் என் கணக்கில் இந்த ஆல்பத்தின் உச்சம். கிட்டத்தட்ட பத்து நிமிடம், ஹார்ப் முன்னால் நிற்கும்.

இங்கே ஹார்ப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். கான்சர்ட் ஹார்ப்பில் 47 தந்தி, காலடியில் ஏழு பெடல். ஒரு ஸ்வரத்துக்கு ஒரு பெடல், ஒவ்வொன்றுக்கும் மூன்று நிலை. பெடலை மாற்றினால் எல்லா ஸ்தாயியிலும் இருக்கும் அந்த ஸ்வரம் அரைச்சுரம் ஏறும் அல்லது இறங்கும். ஆக, வாசிக்கும் முன் காலால் ஏழு ஸ்வரங்களையும் இன்ன இன்ன என்று நிறுத்திவிட்டால், ஏறக்குறைய ஒரு மேளத்தைக் கட்டி வைத்த மாதிரி. அப்புறம் விரலை அடியிலிருந்து நுனிவரை இழுத்தால் அந்த ஏழு ஸ்வரங்களும் அத்தனை ஸ்தாயியிலும் ஒரே மூச்சில் ஒலிக்கும். ஆனால் கமகத்துக்கு வழியே இல்லை. ஒரு ஸ்வரத்தை அசைக்கவோ வளைக்கவோ இந்த வாத்தியம் இடம் கொடுக்காது. நம் இசையில் ராகத்தின் உயிர் எங்கே இருக்கிறதோ அது ஹார்ப்பில் முடியாது. ராகத்தின் ஆரோகணத்தை மட்டும் வாளியால் மொண்டு கொட்ட முடியும்.

ஆலிஸ் இந்தக் குறையை மறைக்கப் பார்க்கவில்லை. இந்துஸ்தானி வீணைபோல ஹார்ப்பை வாசிக்க அவர் ஆசைப்பட்டதே இல்லை. அசைவை முழுக்கத் தந்திக் குழுவிடமும் ஆர்கனிடமும் கொடுத்துவிட்டு, ஹார்ப்பை வெளிச்சத்துக்கு வைத்துக்கொண்டார். ‘துரியா’வைக் கேட்கும்போது ஹார்ப் ஒவ்வொரு முறை மேலே ஏறும்போதும் பின்னால் வயலின்கள் என்ன செய்கின்றன என்று பாருங்கள். ஹார்ப் போய் விட்ட இடத்தில் அவை எடுத்து, அசைத்து, கீழே இறக்கும்.

சரி, கடைசிப் பாட்டு. ‘எ லவ் சுப்ரீம்’ மூலம் 1964 டிசம்பரில் ஜான் நியூ ஜெர்சியில் ஒரே நாளில் பதிவு செய்தது. ஸ்பிரிச்சுவல் ஜாஸ் என்று இன்று சொல்லும் வகைக்கே அதுதான் மூலவர். நான்கு ஸ்வரம் கொண்ட சின்னப் பிடி ஒன்று பாஸில் ஆரம்பிக்கும். முதல் பகுதியின் முடிவில் ஜான் அதையே வாயால் நாமம்போலத் திரும்பத் திரும்பச் சொல்வார். நான்காம் பகுதியில் தாம் எழுதிய துதிப்பாடலை ஒவ்வொரு வார்த்தையாகச் சாக்ஸபோனில் ஓதுவார், தட்டின் உறையில் அச்சிட்டிருக்கும் பாடலை வைத்துக்கொண்டு கூடவே படித்து வரலாம். புனிதமான தட்டு, கை வைக்கக் கூடாது என்பது ஜாஸ் ரசிகர்களின் எழுதாச் சட்டம்.

ஆலிஸ் கை வைத்தார். ஒரு பக்கம் சச்சிதானந்தரின் குரல், அன்பைப் பற்றிய உபதேசம், கொங்கு நாட்டு வாடை போகாத ஆங்கிலம். இன்னொரு பக்கம் அதே நான்கு ஸ்வரப் பிடி, ஆனால் இப்போது டிரம்ஸில் அழுத்தமான ஃபங்க் தாளம், அதன்மேல் ஆலிஸின் ஆர்கன். முதல் தடவை கேட்பவர்களுக்கு இரண்டும் ஒட்டாது. சாமி பேச்சைத் தனியாக எடுத்தால், ஆடி வெள்ளி சொற்பொழிவில் கேட்காத புதிதாக ஒன்றும் அதில் இல்லை. எனக்கு அது இசையில் வரும் ஒரு வாத்தியமாகத்தான் வேலை செய்கிறது.

அந்த ஆர்கனில்தான் உங்கள் கேள்விக்குப் பதில் இருக்கிறது. அது இந்திய ஆர்கன் அல்ல, டெட்ராய்ட் ஆர்கன். கறுப்பின சர்ச்சில் பாதிரியார் பேசப் பேச, ஆர்கனிஸ்ட் அடியில் ஒரு கார்டை (சேர்ந்து ஒலிக்கும் சில ஸ்வரங்களை) பிடித்துக்கொண்டே இருப்பார். பேச்சு சூடேற ஏற ஆர்கனும் ஏறும், ஒரு கட்டத்தில் பேச்சு பாட்டாகி, கூட்டம் எழுந்து ஆடும். பாப்டிஸ்ட் சர்ச்சிலும், அதைவிட அதிகமாகப் பெந்தெகொஸ்தே வழிச் சபைகளிலும் ஞாயிற்றுக்கிழமை நடப்பது அதுதான். ஆலிஸ் சிறுவயதில் கைப்பழக்கமாக்கிக்கொண்டதும் அதுதான். கடைசிப் பாட்டில் பாதிரியார் இடத்தில் சாமியார் நிற்கிறார், மற்ற ஏற்பாடு அப்படியே. அதனால் ‘இந்திய இசையின் தாக்கம் பெற்ற ஜாஸ்’ என்று இந்தத் தட்டைப் பற்றி எழுதுபவர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. தம்புராவும் பெயர்களும் இந்தியாவிலிருந்து வந்தன. பக்தியை ஒலியாக்கும் முறை சர்ச்சிலிருந்து வந்தது. நம் பஜனை மடங்களில் பாகவதர் நாமாவளியை மெதுவாக எடுத்து, வேகம் கூட்டி, கூட்டத்தையே தூக்கிவிடுவதற்கும் இதற்கும் அமைப்பில் வித்தியாசமே இல்லை. இந்தியாவில் நாமசங்கீர்த்தனம் கேட்டபோது ஆலிஸுக்கு அது அந்நியமாகப் பட்டிருக்க வாய்ப்பில்லை என்பது என் ஊகம்.

அந்த நாளில் இதற்கு வரவேற்பு எப்படி என்றால், சுமாருக்கும் கீழே. அதே 1972இல் ‘இன்ஃபினிட்டி’ என்று ஒரு தட்டு வந்தது. ஜான் 1965, 66இல் விட்டுப்போன பதிவுகளின்மேல் ஆலிஸ் தந்திக் குழுவையும் ஹார்ப்பையும் ஆர்கனையும் தம்புராவையும் ஏற்றினார். சில இடங்களில் ஜானின் குழுவில் இருந்த ஜிம்மி கேரிசனின் பாஸை எடுத்துவிட்டுச் சார்லி ஹேடனை வாசிக்க வைத்தார். ஜாஸ் உலகம் கொதித்துப்போனது. செத்தவர் வாசித்ததன்மேல் பெயின்ட் அடிக்கிறார் என்று திட்டினார்கள். அதில் ஒரு நியாயம் உண்டு என்றே நினைக்கிறேன், வாசித்தவர்கள் வாசித்ததை அழிப்பது சரியில்லை. ஆனால் அந்தக் கோபம் ‘வேர்ல்ட் கேலக்ஸி’மேலும், அடுத்து வந்த ‘லார்ட் ஆஃப் லார்ட்ஸ்’மேலும் விழுந்தது அநியாயம். ‘லார்ட் ஆஃப் லார்ட்ஸ்’ஸில் தந்திக் குழு இன்னும் பெரிது. ஸ்ட்ராவின்ஸ்கியின் ‘ஃபயர்பேர்ட்’ பாலேயிலிருந்து ஒரு பகுதியையே எடுத்து, அதற்குள் ஆர்கனை விட்டிருப்பார். முந்தின வருடம்தான் ஸ்ட்ராவின்ஸ்கி காலமாகியிருந்தார். அவர் தமக்குத் தரிசனம் கொடுத்தார் என்று ஆலிஸ் எழுதி வைத்திருக்கிறார். நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். எழுதிய இசை சுத்தமாக இருக்கிறது.

அப்புறம் அவர் மேடையையே மெல்ல விட்டார். கலிஃபோர்னியா போய் 1975இல் வேதாந்த மையம் தொடங்கினார், சுவாமினி துரியசங்கீதானந்தா ஆனார், பின்னாளில் சாய்பாபா பக்தர். 1977இல் ‘ராதா கிருஷ்ண நாம சங்கீர்த்தனா’ என்ற தட்டில் மாணவர்கள் கூடிப் பாடும் நாமாவளிகள் அசல் காஸ்பல் கைதட்டலோடு வரும். அதிலேயே ‘ஓம் நமசிவாய’ என்று ஒரு நீண்ட பதிவு உண்டு. தலைப்பைப் பார்த்து ஐந்தெழுத்தை எதிர்பார்த்து உட்காராதீர்கள். ஆர்கனும் டிரம்ஸும் மட்டும்தான், டிரம்ஸ் வாசிப்பது அப்போது சிறுவனான மகன் ஜான். 1983இல் அகோரா ஹில்ஸ் மலைப்பகுதியில் ஆசிரமம். 2007 ஜனவரியில் ஆலிஸ் காலமானார். ஆசிரமக் கட்டடம் 2018 நவம்பரில் வுல்சி காட்டுத்தீயில் எரிந்துபோனது.

இதை எப்படிக் கேட்பது என்று கேட்டீர்கள். ஸ்பீக்கர் இருந்தால் ஸ்பீக்கரில் கேளுங்கள், போனின் சின்ன ஸ்பீக்கரில் தந்திக் குழு வெறும் சத்தமாகிவிடும். முதலில் ‘ஜர்னி இன் சச்சிதானந்தா’வின் தலைப்புப் பாட்டு. அடுத்து நேராக ‘கேலக்ஸி இன் துரியா’. அது பிடித்தால் ‘வேர்ல்ட் கேலக்ஸி’யை முதலிலிருந்து. ஜானின் ‘எ லவ் சுப்ரீம்’ முதல் பகுதியையாவது முன்கூட்டியே கேட்டிருந்தால்தான் கடைசிப் பாட்டு விளங்கும், அதை மட்டும் விடாதீர்கள்.

தந்திக் கூட்டம் எப்படிப் பார்த்தாலும் ஒத்துவரவில்லை என்றால் ஒரு குறுக்குவழி இருக்கிறது. 1982இல் ஆசிரமத்துக்காரர்களுக்காக ‘துரியா சிங்ஸ்’ என்ற கேசட் போட்டார். தாமே பாடிய நாமாவளிகள், மேலே தந்தியும் சிந்தசைசரும். அதே பாட்டுகளின் மூலப் பதிவு, குரலும் ஆர்கனும் மட்டும் இருப்பது, மகன் ரவி கோல்ட்ரேனின் முயற்சியில் 2021இல் ‘கீர்த்தன்: துரியா சிங்ஸ்’ என்று வெளிவந்தது. சமஸ்கிருத உச்சரிப்பு அங்கங்கே இடறும், அதைப் பெரிதுபடுத்தாமல் இடது கை பிடிக்கும் கார்டுகளைக் கவனியுங்கள். ராமனுக்கும் கிருஷ்ணனுக்கும் அடியில் அவர் வாசிப்பது டெட்ராய்ட் ஞாயிற்றுக்கிழமைக் கார்டுகள்தான்.